பத்து ரவுண்ட் ஓட்டமா, ஜிம்மா, கிளித்தட்டா?

எங்கள் ஊர்ப் பெடியளுக்கும் பெட்டையளுக்கும் பின்னேரங்களில் உதைபந்தாட்டம் பழக்குகிறேன். தாய் தகப்பன்மார் அடிக்கடி கேட்பது இரண்டு. "பிள்ளைக்குக் காலில பலம் காணாது தம்பி, ஜிம்முக்கு விடுவமோ?" மற்றது, "பாரம் தூக்கினா வளர்த்தி நிண்டிடுமாமே?"

வளர்த்தி நிற்காது. சரியாகப் பழக்கி, பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்தால் எலும்பின் வளர்ச்சிக்குக் கேடில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2020 இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் பருவமடையாத பிள்ளைக்குப் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்பும் தசையும் சேர்ந்து வேலை செய்யப் பழகுவதால்தான், தசை பருப்பதால் அல்ல. அதற்குத் தன் உடம்பின் பாரமே போதும். பஸ் பிடித்துக் கிளிநொச்சி ரவுணுக்குப் போய்க் காசு கட்டி, கதிரையில் இருந்தபடி காலால் இரும்பை உதைக்கும் பிள்ளைக்கு ஒற்றைக்காலில் நின்று திரும்பும் சமநிலை வராது. பெட்டையள் இருட்டுமுன் வீடு திரும்பவும் வேண்டும். குந்தி எழும்பவும் குதித்து இறங்கவும் ஒழுங்காகப் பழகிய பதினாறு வயதுக்காரர் போகட்டும், நான் மறிக்கமாட்டேன்.

மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்ட் ஓடவிடுவதை நான் முற்றாக விட்டுவிட்டேன். ஒரே வேகத்தில் ஓடினால் மூச்சுப் பழகும், உண்மைதான். ஆட்டத்தில் வேண்டியது திடீரென நிற்பதும் வெட்டித் திரும்புவதும். பெட்டையள் பன்னிரண்டு வயதளவிலும் பெடியள் பதினாலு வயதளவிலும் மளமளவென உயரும் காலத்தில் சிலருக்கு முழங்காற் சில்லுக்குக் கீழே வீங்கி நோகும். ஆவணி வெயிலில் கல்லாய் இறுகிய தரையில் சுற்றிச் சுற்றி ஓடவிட்டால் அந்த நோ கூடும்.

பதின்மூன்று பதினாலுக்கு மேல் என் தெரிவு 11 பிளஸ்: காயம் வராமல் காக்க, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா வகுத்த உடம்பு சூடேற்றும் பயிற்சி. எட்டு நிமிடம் ஓட்டம், பத்து நிமிடம் பலமும் குதிப்பும் சமநிலையும், கடைசி இரண்டு நிமிடம் வேக ஓட்டம்: மொத்தம் இருபது நிமிடம், பதினைந்து பயிற்சி. கூம்பு இல்லாவிட்டால் தண்ணீர்ப் போத்தல் போதும். நோர்வேயில் 13 முதல் 17 வயதுவரையான 1,892 பெட்டையளை வைத்துச் செய்து 2008 இல் வெளிவந்த ஆய்வில், இதைச் செய்த கழகங்களில் காயங்கள் ஏறத்தாழ மூன்றிலொன்று குறைவு, கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதி. முழங்கால் மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் முன் சவ்வு (ACL) கிழியும் ஆபத்து பெட்டையளுக்குப் பெடியளைவிட இரண்டு மூன்று மடங்கு என்பதால், அவர்களுக்கு இதைத் தவறவிடவே கூடாது. குறையும் உண்டு: பிள்ளைகளுக்கு அலுக்கும். மூன்றாம் கிழமை ஏனோதானோவென்று குதிப்பார்கள். இறங்கும்போது முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்காவிட்டால் பலனில்லை.

சின்னனுகளுக்குக் கிளித்தட்டு. சாம்பலால் கோடு போட்டால் சரி. கோட்டில் நின்று மறிக்கும் கிளியை ஏய்த்துக் கோடு தாண்டும் பிள்ளைக்கு இடுப்பைத் தாழ்த்தி, ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் பாய்வது தானாகவே வரும். அலுப்பே இல்லை. ஆனால் குதித்து இறங்கும் பழக்கமும் வயிறு, முதுகின் பலமும் அதில் போதாது. அதனால் ஏழு முதல் பதின்மூன்று வயதுக்கென உள்ள 11 பிளஸ் கிட்ஸிலிருந்து ஒற்றைக்கால் துள்ளலையும் விழுந்து உருளுவதையும் சேர்க்கிறேன்.

கிழமையில் இரண்டு நாள் இப்படிப் போகிறது. கார்த்திகை மழையில் மைதானம் குளமானால் பள்ளிக்கூட விறாந்தையில் 11 பிளஸின் நடுப்பகுதிப் பத்து நிமிடத்தை மட்டும் செய்கிறோம்.