கோத்தகிரி காலை நடை: ஒரு புறாக்காரனின் மதிப்பெண்

மதுரையில் மொட்டை மாடியில் 22 வருஷமாகப் புறா வளர்க்கிறேன். கர்ணம், ஹோமர் எல்லாம் உண்டு. அப்படிப்பட்டவன் 800 ரூபாய் கட்டி, விடிகாலைக் குளிரில் நடுங்கிக்கொண்டு புறா பார்க்கப் போனால் வீட்டில் சிரிக்கத்தானே செய்வார்கள்?

கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலையில், வழிகாட்டியோடு மூன்று மணி நேர நடை. 116 ஹெக்டேர்தான் காடு. 2024இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. கூட்டிப்போன படுகத் தம்பி முதல் வேலையாக என் சிவப்பு மஃப்ளரைக் கழற்றச் சொன்னார். சரி, கழற்றினேன். ஒரு மணி நேரம் ஒன்றும் காணோம். அப்புறம் உச்சியில் அடித்தொண்டையில் 'ஊ... ஊ ஊ ஊ' என்று ஒரு சத்தம்.

"கருங்குரங்கா தம்பி?"

"எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்கண்ணா. காட்டுப்புறா."

நீலகிரி காட்டுப்புறா. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் கிடையாது. கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. இலைக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மாடப்புறாவைவிட நன்றாகப் பெரியது, 42 செ.மீ. நீளம். தலை சாம்பல், முதுகு செம்பழுப்பு. பிடரியில்தான் விஷயம்: கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம். எத்தனையோ கழுத்துகளைக் கையில் பிடித்துப் பார்த்தவன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கழுத்தைத் திருப்பும்போது அதற்குக் கீழே பச்சையும் ஊதாவும் மின்னி மறைந்தது. ஒரு பழத்தை எட்டிப் பறித்து, கொத்தாமல் முழுசாக விழுங்கியது. கம்பு, சோளம் பேச்சே இல்லை. பழம்தான் முக்கியத் தீனி. விழுந்த பழம் பொறுக்க எப்போதாவது தரைக்கு வருமாம். சுள்ளி அடுக்கிய கூட்டில் ஒரே ஒரு முட்டைதான் வைக்கும் என்றார் தம்பி. என் புறாக்கள் இரண்டு வைக்கும்.

பழக்க தோஷம், "ஜோடி என்ன விலை போகும்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். தம்பி முறைத்த முறைப்பில் பறவையும் பறந்துவிட்டது. படபடவென்று அந்தச் சிறகடிப்பு!

குறை? வாடகைக்குக் கொடுத்த பைனாகுலர். 150 ரூபாய் தனி. ஒரு கண்ணில் பூஞ்சை, மறு கண்ணில் பனி. நடை முடிந்து தந்த டீயும் வர்க்கியும் அந்தக் கோபத்தைப் பாதி ஆற்றின. தம்பிக்கு 5க்கு 5, பைனாகுலருக்கு 1. போகிறவர்கள் சொந்தமாக ஒன்று எடுத்துப் போங்கள், சிவப்பு மஃப்ளர் வேண்டாம்.