ஆமோஸ் குறித்த ஒலி விரிவுரைத் தொடர்: ஒரு மதிப்புரை

தீர்க்கதரிசனம் என்றாலே வருங்காலத்தை முன்னறிவிப்பது என்று எண்ணிப் பழகியவர்களுக்கு, அது எளியோருக்காகக் கடவுளின் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கு என்பதை இந்த இணையவழி விரிவுரைத் தொடர் நன்றாகவே எடுத்துக்காட்டுகிறது. தெக்கோவா ஊர் மேய்ப்பரும் வேதாகமத் தீர்க்கதரிசியுமான ஆமோஸ், வடநாடான இஸ்ரவேல் அரசன் இரண்டாம் யெரொபெயாமின் கீழ் செழித்திருந்த காலத்தில், அரசனின் ஆலயம் இருந்த பெத்தேலுக்கே சென்று பேசியதையும், ஆசாரியன் அமத்சியா அவரை யூதாவுக்கு ஓடிப்போகச் சொன்னதையும் ஆசிரியர் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நேரே குற்றச்சாட்டுகளுக்கு வந்துவிடுகிறார்.

தொடரின் சிறந்த பகுதி, அடகாக வாங்கிய ஆடைகளின்மேல் பலிபீடத்தருகே சாய்ந்துகொள்வோரைக் கண்டிக்கும், ஆமோஸ் நூலின் இரண்டாம் அதிகாரத்துக்கான விளக்கம். ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பித் தர வேண்டும் என்ற யாத்திராகமச் சட்டத்தை முதலில் வாசித்து, 1960இல் யூதேயக் கடற்கரைக் கோட்டை ஒன்றில் கிடைத்த, கி.மு. 7ஆம் நூற்றாண்டு மட்பாண்டத் துண்டை அதனருகே வைக்கிறார். அறுவடைக் கூலியாள் ஒருவர், தம் வேலையை முடித்த பிறகும் ஆடை பறிக்கப்பட்டதாக அதிகாரியிடம் முறையிடும் மனு அது. ஆமோஸுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியது, அதுவும் தென்னாடான யூதாவைச் சேர்ந்தது என்பதை மறைக்காமல் சொல்லும் நேர்மை பாராட்டத்தக்கது. எட்டாம் அதிகாரத்து வியாபாரிகளின் மோசடியும் தெளிவாகிறது: தானியம் அளக்கும் எப்பாவைச் சிறிதாக்கி, விலையாக வரும் வெள்ளியை நிறுக்கும் எடைக்கல்லைப் பெரிதாக்கினால், வாங்குபவன் இரண்டு பக்கமும் ஏமாறுகிறான், போதாததற்குப் பதரும் அவன் தலையில் கட்டப்படுகிறது.

மற்றத் தீர்க்கதரிசிகளான மீகாவையும் ஏசாயாவையும் ஆசிரியர் அவசரமாகக் கடந்துவிட்டார். வயலோடு வயல் சேர்ப்பவர்களை ஏசாயா சாடும் இடத்தில், விற்கப்பட்ட நிலம் ஐம்பதாம் ஆண்டான யூபிலி ஆண்டில் உரியவரிடம் திரும்ப வேண்டும் என்ற லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தைத் தொடாமல் விட்டதை ஏற்க முடியவில்லை. ஆமோஸின் கடைசி வசனங்களைக் உலகின் கடைசிக்கால நிகழ்வுகளின் அட்டவணையாக மாற்றும் இறுதி உரையோ, அதுவரை கட்டியெழுப்பிய வாதத்துக்கே பொருந்தவில்லை. அந்த வசனங்கள் பின்னர் சேர்க்கப்பட்டவை என்று அறிஞர் பலர் கருதுவதைக்கூட அவர் குறிப்பிடவில்லை.

எழுத்து வடிவம் தரப்படாததும், வசன எண்கள் வேகமாகச் சொல்லப்படுவதும் கேட்போரைச் சிரமப்படுத்தும். வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆமோஸ் பகுதியை மட்டும் கேட்பவருக்கு இத்தொடரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இறுதி உரையைத் தவிர்த்துவிடலாம்.