ரீப்பர், ஓசாரா, எஃப்எஃப்எம்பெக்: பார்வையில்லாமல் வீடியோ எடிட் செய்யும் அனுபவம்

பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு வீடியோ எடிட்டிங் ஒத்துவராது என்று நம்மவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவர் பேசும் வீடியோவில் எங்கே வெட்டுவது என்பதைப் பெரும்பாலும் பேச்சுதான் முடிவு செய்கிறது. பேச்சு நம் காதுக்கு உட்பட்ட விஷயம். உண்மையான தடை, பல எடிட்டர்கள் திரைவாசிப்பானிடம் (திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) வாயே திறப்பதில்லை என்பதுதான். பட்டன்களையும் டைம்லைனையும் அவை தம் போக்கில் வரைந்துகொள்கின்றன. டேப் அடித்துக்கொண்டே போனாலும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் படிப்பதற்கு ஒரு பெயர்கூடக் கிடைக்காது.

நான் அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கான பாட வீடியோக்களைச் சில ஆண்டுகளாக விண்டோஸில் ரீப்பர் வைத்துத்தான் எடிட் செய்கிறேன். ரீப்பர் அடிப்படையில் ஒலிக்கான மென்பொருள். ஆனாலும் எம்பி4 கோப்பை நேரடியாக ட்ராக்கில் ஏற்றலாம். படமும் ஒலியும் ஒரே துண்டாக வந்து உட்காரும். ஒலியை வெட்டும் இடத்திலேயே படமும் வெட்டுப்படுவதால் உதட்டசைவு விலகிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

ரீப்பரைப் பேச வைப்பது ஓசாரா என்ற இலவச நீட்சி. மைக்கேல் கர்ரனோடு சேர்ந்து என்விடிஏ-வை வளர்த்தெடுத்த ஜேம்ஸ் டெஹ் உருவாக்கியது. அவருக்கும் பார்வை கிடையாது. எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று தெரிந்த ஒருவர் செய்தது என்பது பயன்படுத்தும்போதே புரியும். எஃப்12 அழுத்தினால் விசை உதவி தொடங்கிவிடும். அதன் பிறகு எந்த விசையைத் தொட்டாலும் வேலை நடக்காது, அது என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்லும். முதல் வாரம் முழுக்க இதிலேயே உட்காருங்கள் என்றுதான் புதிதாக வருபவர்களிடம் சொல்வேன். இன்னொன்று, இருக்கும் இடத்தை இசைக் கணக்கில் 'பார், பீட்' என்று சொல்லிக்கொண்டிருந்தால், நேரத்தை அளந்து காட்டும் ரூலரை நிமிடம்-நொடிக்கு மாற்றிவிடுங்கள்.

வெட்டுவது எப்படியென்றால், ஸ்பேஸ் அடித்து ஓட விடுவேன். தடுமாறிய வாக்கியம் தொடங்கும் இடத்தில் இடது சதுர அடைப்பு, முடியும் இடத்தில் வலது. தேர்வின் தொடக்கம், முடிவு இரண்டையும் ஓசாரா சொல்லும். அந்த இரு முனையிலும் எஸ் விசையால் பிரித்து, நடுவில் உள்ளதை நீக்கிவிடுவேன். ரிப்பிள் எடிட்டிங்கை எல்லா ட்ராக்குக்கும் போட்டுவைத்தால் பின்னால் இருப்பதெல்லாம் தானாக முன்னே நகர்ந்து இடைவெளியை மூடும். வெட்டு எப்போதும் மூச்சு இழுப்பதற்குச் சற்று முன்னால் விழ வேண்டும். மூச்சின் நடுவே வெட்டினால் கேட்பவருக்கு உடனே உறுத்தும்.

காதுக்குச் சுத்தமான வெட்டு கண்ணுக்கு அப்படி இருக்காது. ஒரு நொடி முன்பு இடப்பக்கம் சாய்ந்திருந்த தலை திடீரென்று நேராகிவிடும். அந்த இடங்களில் மேல் ட்ராக்கில் ஒரு நிலைப்படத்தை, எனக்கு வரைபடமோ கல்வெட்டுப் படமோ, நாலைந்து நொடிக்கு வைத்துவிடுவேன். அடியில் நடந்த குதிப்பு மறைந்துவிடும், பாடத்துக்கும் படம் ஆயிற்று.

முகம் ஃப்ரேமுக்குள் இருக்கிறதா என்பதைப் படம்பிடிக்கும்போதே உறுதி செய்துகொள்வது நல்லது. ஐஃபோன் கேமராவில் அதன் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர் எத்தனை முகம், எந்தப் பக்கம் என்று சொல்லும்.

சரி, முடித்த வீடியோவில் படம் ஒழுங்காக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எஃப்எஃப்எம்பெக், வீடியோ, ஒலிக் கோப்புகளைக் கையாளும், கட்டளை வரியில் இயங்கும் கருவி. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லும். அதிலுள்ள பிளாக்டிடெக்ட் என்ற ஃபில்டர், படம் கறுப்பாகிப் போகும் இடங்களைத் தொடக்க நேரம், முடிவு நேரத்தோடு பட்டியலிடும். டைம்லைனில் இரண்டு துண்டுகளுக்கிடையே கண்ணிமைக்கும் அளவு இடைவெளி இருந்தாலும் அங்கே கறுப்புத்தான் வரும். ஃபில்டரின் இயல்பு அளவு 2 நொடி என்பதால் இந்தச் சின்ன ஓட்டைகள் அதற்குச் சிக்காது. நான் 0.04 நொடி என்று கொடுக்கிறேன்; நொடிக்கு 25 ஃப்ரேம் வீடியோவில் அது ஒரே ஒரு ஃப்ரேம். ஃப்ரீஸ்டிடெக்ட் இதேபோலப் படம் உறைந்து நிற்கும் இடங்களைச் சொல்லும். நாம் வேண்டுமென்றே வைத்த நிலைப்படங்களும் அந்தப் பட்டியலில் வரும். அவற்றின் நேரத்தைக் குறித்து வைத்திருந்தால் ஒப்பிட்டுக் கழித்துவிடலாம்.

அப்புறம், சந்தேகமான நொடிகளில் எஃப்எஃப்எம்பெக் மூலம் ஒரு ஃப்ரேமைப் படமாக எடுத்து, பார்வையற்றவர்களுக்குப் படத்தை விவரிக்க உதவும் 'பி மை ஐஸ்' செயலியிடம் கொடுக்கிறேன். 2023-இல் அதில் செயற்கை நுண்ணறிவு விவரிப்பு வந்ததிலிருந்து பாதி இரவில் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. ஆனால் "படம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் புகழ்ச்சியாகவே பதில் வரும். "நெற்றி வெட்டுப்படுகிறதா? பின்னால் ஜன்னல் வெளிச்சம் அடிக்கிறதா?" என்று கேளுங்கள். இரண்டு ஃப்ரேமாவது கொடுத்துச் சரிபாருங்கள், தப்பாகவும் சொல்லும்.

தமிழ்த் தலைப்புகளுக்கு நோட்பேடில் எஸ்ஆர்டி கோப்பு (எந்த நேரத்தில் எந்த எழுத்து வர வேண்டும் என்று சொல்லும் கோப்பு) எழுதி, எஃப்எஃப்எம்பெக்கின் சப்டைட்டில்ஸ் ஃபில்டரால் படத்தில் பதித்துவிடுகிறேன். எழுத்துரு நிர்மலா யூஐ. அந்த ஃபில்டர் பயன்படுத்தும் லிபாஸ் நூலகம் தமிழின் கொம்பு, கால்களைச் சரியான வரிசையில் கோக்கிறது. மவுஸால் இழுத்து வைக்கும் வேலை எதுவும் இல்லை. எல்லாம் எண்களும் எழுத்தும்தான்.

ரீப்பரிலிருந்து எம்பி4 ஆக எடுக்க, நான் எஃப்எஃப்எம்பெக்கின் டிஎல்எல் கோப்புகளை (பிற மென்பொருள்கள் பயன்படுத்தும் நூலகக் கோப்புகள்) ரீப்பரின் யூசர்பிளகின்ஸ் ஃபோல்டரில் போட்டிருக்கிறேன். ரீப்பர் ஏற்கும் பதிப்பாகப் பார்த்துப் போட வேண்டும். ரெண்டர் பெட்டியில் அகலம், உயரம் இரண்டையும் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். நெட்டுவாக்கில் எடுத்த ஃபோன் வீடியோ அகலவாக்கில் போனால் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும்.

ரீப்பரின் விலை: 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். ஆசிரியர் சம்பளத்தில் யோசித்துத்தான் வாங்கினேன், கொடுத்த காசு வீண்போகவில்லை.

நிறம் திருத்துவது, படத்துக்குள் மெல்ல நெருங்குவது, அசையும் வரைகலை ஆகியவற்றை நான் தனியாகச் செய்வதில்லை. பார்வையுள்ள நண்பரிடம் கொடுக்கிறேன். கொடுக்கும்போது "கொஞ்சம் பாருங்க" என்று சொல்வதில்லை. ரீப்பரில் எம் விசையால் போட்ட குறிகளின் நேரத்தை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வி வைத்து அனுப்புவேன்: "இந்த இடத்தில் முகம் இருட்டாக இருக்கிறதா?", "வரைபடத்தில் ஊர்ப்பெயர்களைப் படிக்க முடிகிறதா?" அவர் பதில் எழுதி அனுப்பியதும் திருத்தத்தை நானே செய்துவிடுகிறேன்.