காசினோ ஊர் நடுவிலா, ஊர் ஓரத்திலா? சிங்கப்பூர், டொரான்டோ, டெட்ராய்ட்

போன டிசம்பரில் ஊரிலிருந்து வந்த சித்தப்பாவை சிங்கப்பூரின் மரினா பே சாண்ட்ஸ் விடுதி வளாகத்தைக் காட்ட அழைத்துப் போயிருந்தேன். கீழே கடைகள், உள்ளேயே ஓடும் கால்வாய், அதில் படகு எல்லாம் பார்த்து முடித்து, நடந்தவாக்கில் சூதாட்டக்கூட வாசலுக்கு வந்துவிட்டோம். அங்கே இரண்டு வழி. வெளிநாட்டவர் கடவுச்சீட்டைக் காட்டினால் போதும், காசு கிடையாது. என்னைப் போன்ற நிரந்தரவாசிகளும் குடிமக்களும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும், வருடச் சீட்டு என்றால் 3,000 வெள்ளி. "ஏம்ப்பா, விருந்தாளியா வந்த எனக்குச் சும்மா, இங்கயே இருக்கிற உனக்குக் காசா?" என்று கேட்டுவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார். நான் வெளியே நின்றேன்.

நின்ற நேரத்தில் ஒருவரைக் கவனித்தேன். அலுவலகத்திலிருந்து நேராக வந்த மாதிரி சட்டை, தோளில் மடிக்கணினிப் பை. கட்டண இயந்திரத்தில் அட்டையை நீட்டினார், எடுத்துக்கொண்டார், நாலடி தள்ளிப் போய் போனைப் பார்த்தார், மறுபடி வந்தார், மறுபடி அட்டையை எடுத்தார், கடைசியில் பையில் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் நடந்துவிட்டார். அந்த 150 வெள்ளி இல்லையென்றால் அவர் உள்ளே போயிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது. இருபது நிமிடம் கழித்து வெளியே வந்த சித்தப்பா, "உள்ள பகலா ராத்திரியான்னே தெரியலப்பா" என்றார்.

ஒரு பெரிய நகரம் தன் நடுமையத்தில் காசினோவை அனுமதிக்கலாமா என்று யார் பேச்செடுத்தாலும் எனக்குச் சித்தப்பாவின் கேள்விதான் ஞாபகம் வருகிறது. கட்டடம் எங்கே, எத்தனை மாடி என்பதெல்லாம் அப்புறம். உள்ளே உட்காரப் போகிறவர் விமானத்தில் வந்து இறங்கியவரா, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்ப்பவரா? மூன்று நகரங்கள் இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

முதலில் சிங்கப்பூர். லீ குவான் யூ காலமெல்லாம் காசினோ வேண்டாம் என்றே இருந்த நாடு இது. 2004இல் பெரிய வாதம் கிளம்பியது. மத அமைப்புகள், சமூக சேவை அமைப்புகள், அமைச்சரவைக்குள்ளேயே சிலர் என்று எதிர்ப்பு இருந்தது. அப்படியும் 2005 ஏப்ரல் 18 அன்று பிரதமர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில் இரண்டு இடங்களுக்கு அனுமதி என்று அறிவித்தார். 2010இல் பிப்ரவரியில் செந்தோசா தீவில் ஒன்று, ஏப்ரலில் மரினா பேயில் ஒன்று திறந்தன. மரினா பே என்றால் நகரத்தின் நெற்றி, வங்கிக் கோபுரங்களுக்கு எதிரே.

ஆனால் நடுவில் இடம் கொடுத்ததோடு சேர்த்து வேலியும் போட்டார்கள். தொடக்கத்தில் நுழைவுக் கட்டணம் 100 வெள்ளி, 2019இல் 150. வயது 21. சூதாட்டப் பகுதிக்குள் ஏடிஎம் கிடையாது. உள்ளூர்க்காரருக்குக் கடன் கிடையாது, பெரும் தொகையை முன்வைப்பாகக் கட்டியவர்கள் மட்டும் விதிவிலக்கு. திவாலானவர்களும் அரசு உதவித்தொகையில் இருப்பவர்களும் தானாகவே தடைப் பட்டியலில் வந்துவிடுவார்கள். சூதாட்ட மேசைகளுக்கான பரப்பு காசினோ ஒன்றுக்கு 15,000 சதுர மீட்டர் என்று வரம்பு வைத்து, மற்ற இடமெல்லாம் மாநாட்டு மண்டபம், ஹோட்டல், அரங்கம், அருங்காட்சியகம் என்று கட்ட வைத்தார்கள். திறந்த வருடமே அடுக்குமாடிப் பேட்டைகளிலிருந்து காசினோவுக்கு இலவசப் பேருந்து ஓட ஆரம்பித்தது, அரசு அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. எனக்கு இந்தப் பேருந்து விஷயம் முக்கியமாகப் படுகிறது. வெளிநாட்டுப் பணக்காரருக்காகத்தான் இந்த இடம் என்று சொன்னாலும், சும்மா விட்டால் வியாபாரம் பக்கத்து புளோக்கில் இருப்பவரைத்தான் தேடி வரும் என்பது முதல் வருடத்திலேயே தெரிந்துவிட்டது.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகத் தெரிவது குடும்பம் கேட்டு வாங்கும் தடை. கணவர் சம்பளத்தை அங்கே கொட்டுகிறார் என்றால் மனைவி மனுப் போடலாம், பெற்றோருக்காகப் பிள்ளைகளும் போடலாம், விசாரித்து அவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்குள் வெந்துகொண்டிருந்த விஷயத்துக்கு வெளியே ஒரு கதவு திறந்திருக்கிறது என்பது சாதாரணமல்ல.

சரி, டொரான்டோ. 2012இல் ஒன்டாரியோ மாகாண அரசின் லாட்டரி, சூதாட்டக் கழகம், இனி மக்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே காசினோ என்று ஒரு புதிய திட்டத்தோடு வந்தது. அதுவரை பெரிய காசினோ என்றால் நயாகராவுக்கோ, ஒரிலியா ஊர்ப் பக்கம் இருக்கும் ராமா காசினோவுக்கோ பயணம் போய்த்தான் ஆட வேண்டும். இப்போது நேராக டவுன்டவுனுக்கே. ஏரிக்கரை எக்சிபிஷன் பிளேஸில் ஒரு திட்டம், ஃப்ரன்ட் ஸ்ட்ரீட் மாநாட்டு மையத்தில் ஒரு திட்டம். மேயர் ராப் ஃபோர்ட் ஆதரவாக இருந்தார். வேலை வரும், பணம் வரும் என்றார். நகரத்தின் பொதுச் சுகாதார அதிகாரி டேவிட் மெக்கியோன், கிட்டத்தில் வந்தால் சூதாட்டப் பாதிப்பும் கூடும் என்று எச்சரித்தார். பேட்டை பேட்டையாகக் கூட்டம் போட்டு மக்கள் எதிர்த்தார்கள்.

நகரத்துக்குக் கிடைக்கும் பணம் எவ்வளவு? மேயர் வருடத்துக்கு 10 கோடி டாலர் வேண்டும் என்றார். மாகாணப் பிரதமர் கேத்லீன் வின் டொரான்டோவுக்கென்று தனிச் சலுகை கிடையாது என்றார். மற்ற ஊர்களுக்கான கணக்கில் பார்த்தால் சுமார் 5.4 கோடிதான் தேறும். 900 கோடிக்கு மேல் போகும் நகர பட்ஜெட்டில் இது ஒரு சதவீதம்கூட இல்லை. 2013 மே 21 அன்று நகரசபை 40க்கு 4 என்று புதிய காசினோவைத் தோற்கடித்தது. இந்த முடிவு சரி என்றுதான் நான் நினைக்கிறேன், காரணம் டொரான்டோவின் வாசலில் இரண்டு வரிசை வரப்போவதில்லை. மாகாண அரசே காசினோ முதலாளி மாதிரி வருமானம் பார்க்கும் இடத்தில், தன் வாக்காளரிடமே வாசலில் காசு கேட்டுத் தடுக்கப் போவது யார்? வேலியில்லாமல் நடுவில் வைத்தால் வேலை முடிந்து யூனியன் ஸ்டேஷனுக்கு நடக்கும் லட்சக்கணக்கானவர்தான் வாடிக்கையாளர். அவர்கள் உள்ளே விடும் பணம் வேறொரு நாட்டிலிருந்து வந்த பணமில்லை, பக்கத்துத் தெரு உணவகத்துக்கோ வீட்டு வாடகைக்கோ போகவேண்டிய பணம்.

வேலியில்லாமல் நடுவில் வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க டொரான்டோவிலிருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டினால் போதும். 1994இல் ஆற்றின் இந்தப் பக்கம் கனடாவின் வின்ட்சரில் காசினோ வந்தது, டெட்ராய்ட்காரர்கள் பாலம் தாண்டி வந்து ஆட ஆரம்பித்தார்கள், நம் பணம் அங்கே போகிறதே என்று 1996இல் மிச்சிகன் வாக்காளர்கள் டெட்ராய்ட்டில் மூன்று காசினோக்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். வந்தன. நகரத்துக்கு வருடம் 17 கோடி டாலர் அளவுக்கு வரி கிடைத்தது, அது பொய்யில்லை, ஆயிரக்கணக்கானோருக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் அந்த வரி வருமானத்தையே நகரம் 2009இல் வங்கிகளிடம் ஈடாகக் கட்டிவிட்டது, 2013 ஜூலையில் திவால் மனுவும் போட்டது. காசினோவால் திவாலானது என்று நான் சொல்லவில்லை. அதற்கான காரணங்கள் வேறு, மிகப் பழையவை. நகர நடுவைக் காசினோ தூக்கி நிறுத்தும் என்று 1996இல் சொன்னது நடக்கவில்லை, அவ்வளவுதான். உள்ளேயே வண்டி நிறுத்தம், உள்ளேயே சாப்பாடு, உள்ளேயே தூக்கம் என்று கட்டிய கட்டடத்திலிருந்து யார் எழுந்து வெளியே வந்து தெருக் கடையில் காபி குடிப்பார்கள்?

சிங்கப்பூர்க் கணக்கு இங்கேதான் மாறுகிறது. 2009இல் 97 லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் 2011இல் 1.32 கோடி ஆனார்கள். பொருளாதார நெருக்கடி முடிந்து எல்லா ஊருக்கும் கூட்டம் வந்த நேரம் அது என்பதால் முழுப் புகழையும் காசினோவுக்குக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் வருகிற பணத்தில் பெரும் பங்கு வெளியிலிருந்து வருகிறது என்பது டெட்ராய்ட்டில் இல்லாத விஷயம், அதற்கு மதிப்பு இருக்கிறது.

இனி டொரான்டோ முடிவின் இன்னொரு பக்கம். இதைப் பலர் பேசுவதில்லை. நகரசபை வேண்டாம் என்று சொன்னது டவுன்டவுனுக்குத்தான். அதே நாளில் வுட்பைன் குதிரைப் பந்தய மைதானத்தில் இருந்த சூதாட்டக்கூடத்தை விரிவாக்கும் திட்டமும் தோற்றது, ஆனால் 24க்கு 20 என்று மயிரிழையில். 2015இல் அதே வுட்பைனுக்கு நகரசபை அனுமதி கொடுத்துவிட்டது, 2023இல் ஹோட்டலோடு பெரிய காசினோ அங்கே திறந்தது. வுட்பைன் எங்கே இருக்கிறது? வடமேற்கு மூலையில், ரெக்ஸ்டேல் பக்கத்தில். சோமாலியரும் பஞ்சாபியரும் கரீபியரும் ஷிப்ட் வேலைக்கு பஸ் பிடித்துப் போகும் பகுதி. உள்ளூர் மக்களை வேலைக்கு எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள், அதை வரவேற்கிறேன். ஆனால் ஏரிக்கரைக் காண்டோவில் இருப்பவருக்கு வேண்டாத ஒன்று ரெக்ஸ்டேல்காரருக்கு மட்டும் எப்படி நல்லதாகிவிடும்?

நியூயார்க்கிலும் இதே வழிதான். 2025இல் டைம்ஸ் சதுக்கத்துக்கு வந்த திட்டம் உட்பட, நகர நடுவான மன்ஹாட்டனுக்கு வந்த திட்டங்கள் எல்லாம் உள்ளூர்க் குழுக்களின் வாக்கில் விழுந்தன. வருட முடிவில் உரிமம் கிடைத்த மூன்றும் மன்ஹாட்டனுக்கு வெளியே குயின்ஸிலும் பிராங்ஸிலும் இருக்கின்றன. நடுவில் இருப்பவர்களுக்குக் குரல் பலம் அதிகம், எனவே நடுவில் வராது. ஓரத்தில் வரும். "நடுவில் வேண்டாம்" என்று வாக்களிக்கும் நகரம், அடுத்த வாக்கில் எந்தப் பேட்டைக்குத் தள்ளப் போகிறோம் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இப்போதெல்லாம் போனிலேயே ஆடுகிறார்களே, வாசல் எங்கே இருந்தால் என்ன என்று கேட்கலாம். ஒன்டாரியோவில் 2022 ஏப்ரலிலிருந்து தனியார் இணையச் சூதாட்டமும் சட்டப்படி நடக்கிறது. அது தனிக் கொடுமை. ஒரு ஓட்டை இருக்கிறது என்பதற்காக இன்னொன்றைத் திறக்கச் சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

எனவே மூன்றில் எது என்றால், டெட்ராய்ட் வழி வேண்டவே வேண்டாம். வேலி போடத் துணிவில்லாத நகரத்துக்கு டொரான்டோவின் 40க்கு 4 சரி, ரெக்ஸ்டேலுக்கும் சேர்த்து அது இருந்திருக்க வேண்டும். வேலி போட முடிகிற நகரம் நடுவில் வைத்துக்கொள்ளலாம், அப்போது எல்லோர் கண்ணிலும் படும், கண்காணிக்கவும் முடியும். கொழும்பு இப்போது இந்த வேலியோடு நடுவில் வைக்கும் வழியில்தான் நிற்கிறது. 2025 ஆகஸ்டில் கொம்பனித்தெருவில், பேரை வாவிக்குப் பக்கத்தில், பெரிய காசினோ திறந்தாயிற்று. இலங்கைக்காரருக்கு 50 அமெரிக்க டாலராக இருந்த நுழைவு வரியை 100 ஆக்க அதே வருடம் முடிவு செய்தார்கள். நல்லது. குடும்பம் மனுப் போடும் வழியையும் அங்கே கொண்டுவர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆனால் சிங்கப்பூர் வேலியிலும் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது, அது நம் ஆட்கள் புகும் இடைவெளி. வேலை அனுமதியில் இங்கே இருக்கும் கட்டுமானத் தொழிலாளி சட்டப்படி வெளிநாட்டவர். அவருக்கும் நுழைவு இலவசம். அன்று சித்தப்பாவுக்கு முன்னால் அந்த வரிசையில் இரண்டு தம்பிகள் நின்றார்கள், வெளியே போகப் போடும் நல்ல சட்டை, பேச்சில் புதுக்கோட்டை வாசம், கையில் கடவுச்சீட்டு இல்லை, வேலை அனுமதி அட்டை. ஊரில் வட்டிக்கு வாங்கி ஏஜென்டுக்குக் கட்டி வந்தவர்களாகத்தான் இருக்கும். தானாகப் பெயர் கொடுத்துத் தன்னைத் தடை செய்துகொள்ள அவர்களுக்கும் வழி உண்டு, நிறையப் பேர் அப்படிச் செய்தும் இருக்கிறார்கள், அது அவர்களுடைய மன உறுதி. ஆனால் தங்குவிடுதியில் பன்னிரண்டு பேரோடு இருக்கும் ஒருவருக்காக மனுப் போட வேண்டிய மனைவி புதுக்கோட்டையில் இருக்கிறாள், அவன் ஞாயிற்றுக்கிழமை எங்கே போனான் என்பதே அவளுக்குத் தெரியாது. வருடக்கணக்கில் இங்கே வேலை செய்து இங்கே சம்பளம் வாங்குகிறவரைச் சுற்றுலாப் பயணி என்று எண்ணுவதை நிறுத்தி, என்னிடம் கேட்கும் அதே 150 வெள்ளியை அந்தத் தம்பிகளிடமும் கேட்க வேண்டும்.