சோப்பில் உலோகம்: துத்தநாகமா, வெள்ளியா, செம்பா, தங்கமா?

வீட்டில் சோப்பு செய்வோரில் சிலர், சருமத்துக்கு நன்மை கிடைக்கும் என்று நம்பித் துத்தநாகம், வெள்ளி, செம்பு, தங்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கலக்கிறார்கள். ஓர் உலோகத்துக்கு மருத்துவத்தில் இருக்கும் நற்பெயரைவிட, சோப்புக்குள் போன பிறகு அது என்னவாகிறது என்பதே இங்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி. நன்கு முதிர்ந்த சோப்பின் பிஎச் அளவே (காரத்தன்மையைக் காட்டும் அளவு; 7-க்கு மேல் காரம்) பெரும்பாலும் 9 முதல் 10 வரை இருக்கும். எண்ணெயைச் சோப்பாக மாற்றச் சேர்க்கும் காஸ்டிக் சோடாக் கரைசல் அதைவிடப் பல மடங்கு காரமானது. அந்தச் சூழலில் கரைந்த நிலையில் இருக்கும் உலோக அயனிகள், ஆக்ஸைடாகவோ ஹைட்ராக்ஸைடாகவோ படிந்துவிடும்; அல்லது கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து நீரில் கரையாத உலோகச் சோப்பாகிவிடும். கடினநீரில் நுரை எழாமல் வெண்மையான கசடு மிதப்பதும் இதே வினையால்தான்.

நான்கில் சோப்புக்கே கேடு செய்வது செம்பு. எண்ணெயில் உள்ள நிறைவுறாக் கொழுப்புகள் காற்றோடு வினைபுரிந்து சிக்குப் பிடிப்பதை, மிகச் சிறிய அளவிலான செம்பு அயனிகளே வேகப்படுத்திவிடும். வெட்டும்போது அழகாக இருந்த கட்டியில் சில வாரங்களில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றி, ஓரங்கள் பிசுபிசுத்து, பழைய எண்ணெயின் வாடை அடிக்கத் தொடங்கும். தொழிற்சாலைச் சோப்புகளில் இடிடிஏ போன்ற பொருள்களைச் சேர்ப்பதே இத்தகைய உலோக அயனிகளைக் கட்டிப்போடுவதற்காகத்தான். அப்படியிருக்க, நாமாகச் செம்பைக் கொண்டுபோய்க் கலப்பதை எவ்விதத்திலும் நியாயப்படுத்த முடியாது.

வெள்ளியின் கதை வேறு. வெள்ளி அயனிகள் கிருமிகளைக் கொல்லும் என்பதும், தீக்காயங்களுக்கு 1 சதவீத சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு நெடுங்காலமாகப் பயன்பட்டுவருகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் களிம்பு காயத்தின் மீது மணிக்கணக்கில் தங்குகிறது; சோப்போ ஒரு நிமிடத்துக்குள் கழுவப்பட்டுவிடுகிறது. தண்ணீருக்குப் பதிலாகக் கூழ்ம வெள்ளியை (நுண்ணிய வெள்ளித் துகள்கள் மிதக்கும் நீர்) ஊற்றிக் காஸ்டிக் சோடாவைக் கரைப்பவர்களுக்குச் சருமத்தில் வேலை செய்யும் வெள்ளி எஞ்சும் என்று எதிர்பார்க்க இடமில்லை. அழுக்கையும் கிருமிகளையும் தோலிலிருந்து பிரித்து நீரோடு கொண்டுபோவதைச் சாதாரணச் சோப்பே நன்றாகச் செய்கிறது. மருந்துச் சீட்டின்றி விற்கப்படும் கூழ்ம வெள்ளி மருந்துகளைப் பாதுகாப்பானவையாகவோ பயனுள்ளவையாகவோ ஏற்க முடியாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999-இலேயே அறிவித்துவிட்டது.

தங்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தங்க இழை காரத்தோடு வினைபுரியாது, சருமத்துக்கும் எதையும் தராது. அது வெறும் அலங்காரம்.

நிறத்தை வெளுப்பாக்கும் என்ற ஆசையில் பாதரசத்தை மட்டும் எவரும் நினைத்தும் பார்க்கக் கூடாது. அது தோல் வழியாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கிறது.

மிஞ்சுவது துத்தநாகம், அதுவும் ஜிங்க் ஆக்ஸைடு வடிவில். கேலமைன் லோஷனின் முதன்மைப் பொருளான இது நீரில் கரையாத, மென்மையான வெள்ளைத் தூள்; சோப்பைக் கெடுப்பதில்லை, நல்ல வெண்மையையும் தருகிறது. எனவே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால் என் தேர்வு இதுதான். ஆயினும் டயப்பர் புண்களுக்கான சில களிம்புகளில் 40 சதவீதம் வரை இருக்கும் இப்பொருள், வீட்டுச் சோப்பில் வழக்கமாக 1 சதவீதம் அளவிலேயே சேர்க்கப்படுகிறது. அதுவும் நுரையோடு பெரும்பாலும் போய்விடும். துத்தநாகத்தின் பலன் உண்மையிலேயே தேவைப்படுவோர், மென்மையான சோப்பால் குளித்துவிட்டுக் கேலமைனைப் பூசிக்கொள்வதே சரியான வழி. சோப்பில் சேர்ப்பதானால், தூளை முதலில் சிறிது எண்ணெயில் கட்டியின்றிக் குழைத்துக்கொண்டு, கலவை கெட்டியாகத் தொடங்கும்போது ஊற்ற வேண்டும். இல்லையேல் சோப்புக் கட்டி முழுவதும் வெள்ளைத் திட்டுகளாக நிற்கும். தூளை அளக்கும்போது முகக்கவசம் அவசியம்.