போகும்போது சேது, வரும்போது போட் மெயில்

அம்மாவுக்குக் கண் பார்க்கவும் தங்கை வீட்டுக்கும் என்று ராமநாதபுரம் பக்கத்துத் தேவிபட்டினத்திலிருந்து மாதம் ஒரு தடவையாவது சென்னைக்குப் போய்வருகிறேன். எல்லாமே ராத்திரிப் பயணம்தான். ராமேஸ்வரம் ரயில்களான சேது எக்ஸ்பிரஸ், போட் மெயில், அரசு விரைவு பஸ், தனியார் ஆம்னி ஸ்லீப்பர் பஸ் என எல்லாவற்றிலும் படுத்துப் பார்த்தாயிற்று. எது சொகுசு, எது மலிவு என்பது வேறு கணக்கு. எதில் ஏறினால் தூங்க முடியும் என்பதுதான் இங்கே பேச்சு.

தூக்கம் வருவதும் கெடுவதும் என் அனுபவத்தில் இரண்டு விஷயத்தில் இருக்கிறது. ஒன்று, உடம்பு வண்டிக்கு நீளவாக்கில் கிடக்கிறதா, குறுக்குவாக்கில் கிடக்கிறதா. இன்னொன்று, நடுராத்திரியில் உங்களை யார் எழுப்புகிறார்கள். ஏசி, போர்வை எல்லாம் அப்புறம்தான்.

ஸ்லீப்பர் பஸ்ஸில் படுக்கை நீளவாக்கில் இருக்கும். வண்டி வளைவில் திரும்பினால் உடம்பு பக்கவாட்டில் உருளும். தூக்கத்திலேயே கை கம்பியைத் தேடும். ரயிலில் ஆறு பேர் படுக்கும் பகுதியில் படுக்கை குறுக்குவாக்கில் கிடக்கிறது. வளைவு வந்தால் தலைப்பக்கமோ கால்பக்கமோ லேசாகச் சறுக்குவதோடு சரி. அதே ரயிலில் சைடு பெர்த் மட்டும் பஸ்ஸைப் போல நீளவாக்கு. நீளமும் ஒரு பிடி குறைவு. நடைபாதையில் போகிற ஒவ்வொரு பையும் முழங்காலை விசாரித்துவிட்டுத்தான் போகும். ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் பெர்த் எண்ணை எட்டால் வகுத்துப் பாருங்கள். மீதி 7 வந்தால் சைடு லோயர், மீதியே இல்லாவிட்டால் சைடு அப்பர். மீதி 3 அல்லது 6 என்றால் உள்பக்க அப்பர். என் ஓட்டு அதற்குத்தான்.

அப்பரில் ஏறிவிட்டால் பத்து மணிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நடு பெர்த்தை ராத்திரி 10 மணிக்கு மேல்தான் விரிக்கலாம், காலை 6 மணிக்கு மடக்க வேண்டும் என்பது ரயில்வே விதி. கீழ் பெர்த்காரர் எட்டு மணிக்கே படுக்க நினைத்தாலும் எதிரில் ஒருவர் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார். அப்பருக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. என்ன, மே மாதத்தில் கூரை நடுராத்திரிவரை அனலைக் கக்கும். பக்கத்திலேயே ஓடும் மின்விசிறிக் கூண்டின் மேல் யாரோ ஒரு ஜோடி செருப்பைச் செருகி வைத்திருப்பார்கள். அதன் பெருவிரல் தேய்ந்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே தூங்க வேண்டியதுதான்.

அம்மாவுக்கு மட்டும் கீழ் பெர்த். 45 வயது தாண்டிய பெண்களுக்கும் 60 தாண்டிய ஆண்களுக்கும் காலி இருந்தால் முன்பதிவிலேயே கீழ் பெர்த் ஒதுக்குகிறார்கள். சர்க்கரை இருப்பவர்கள் ராத்திரியில் இரண்டு தடவையாவது எழுந்து போக வேண்டும். இந்த ஒரு காரணமே போதும், வயதானவர்களைப் பஸ்ஸில் ஏற்றாமல் இருக்க.

எழுப்புகிறவர்கள் கதைக்கு வருவோம். சேதுவும் போட் மெயிலும் ஒரே ஊருக்குத்தான் போகின்றன, வழிதான் வேறு. சேது திருச்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே விருத்தாசலம் வழியாகக் குறுக்கே போய்விடும். போட் மெயில் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம் என்று டெல்டாவைச் சுற்றிக்கொண்டு போகும். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடிவரை ஓடி, அங்கே தலைமன்னார் கப்பலுக்கு ஆள் இறக்கிவிட்ட ரயிலின் வாரிசு அது. 1964 புயலில் தனுஷ்கோடி போனது; பெயர் மட்டும் இன்னும் எங்கள் வாயில் இருக்கிறது.

சென்னைக்குப் போகும்போது போட் மெயில் ராமேஸ்வரத்திலிருந்து சாயங்காலமே கிளம்பிவிடும். ராமநாதபுரத்தில் ஏறினால் தூக்கம் வரும் நேரமும் இல்லை, சாப்பிடும் நேரமும் இல்லை. கண் செருகும்போது திருச்சி வந்து கும்பல் ஏறும். லைட்டைப் போடுவார்கள். 'சார், இது என் பெர்த்' என்று ஒரு குரல். அது ஓய்ந்தால் தஞ்சாவூர், அப்புறம் கும்பகோணம். நடுச்சாமத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறவர்களின் மேல் கோபப்படவும் முடியாது, அவர்களுக்கு அது ஊர் நேரம். சேது இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்புகிறது. வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஏறி நேராகப் படுக்கலாம். திருச்சி தாண்டிவிட்டால் நிறுத்தங்களும் குறைவு. ஆகவே, போகும்போது சேது.

திரும்பி வரும்போது கதை தலைகீழ். சேது சென்னையிலிருந்து சாயங்காலம் கிளம்பி ராமேஸ்வரத்துக்கே விடியுமுன் வந்துவிடும். அதற்கு முன்னாலேயே ராமநாதபுரம் வந்துவிடும் என்றால் நாங்கள் எழுந்திருக்க வேண்டிய நேரத்தை யோசித்துப் பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து தேவிபட்டினம் 15 கிலோமீட்டர் சொச்சம், அந்நேரத்துக்கு டவுன்பஸ் கிடையாது. ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை.

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. அதன்பின் ரயில்கள் ராமநாதபுரத்தோடோ மண்டபத்தோடோ நின்றுகொண்டிருந்த காலத்தில் எனக்கு ஒரு சோம்பேறித்தனம் வந்துவிட்டது. தூங்கிவிட்டாலும் எங்கேயும் தொலைந்துபோக மாட்டோம் என்ற தைரியம். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறந்தார்கள். அதற்கப்புறம் ஒரு நாள் சேதுவில் வரும்போது அலாரத்தை அணைத்துவிட்டு 'அஞ்சு நிமிஷம்' என்று புரண்டு படுத்தேன். தண்டவாளச் சத்தம் மாறியதில்தான் கண் திறந்தது. ஜன்னலில் இரண்டு பக்கமும் கும்மிருட்டுத் தண்ணீர், தூரத்தில் விசைப்படகு விளக்குகள். எதிர் பெர்த்திலிருந்த பாம்பன்காரர், 'என்ன தம்பி, ராமநாதபுரம்னு சொன்னீங்க?' என்றார். ராமேஸ்வரத்தில் இறங்கி டீ குடித்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பி வந்தேன். இப்போதெல்லாம் 139-க்கு அடித்து, இறங்கும் ஊருக்கு முன்னால் எழுப்பிவிடும் வசதியைப் பதிவு செய்துவிட்டுத்தான் படுப்பது.

போட் மெயில் சென்னையிலிருந்து சேதுவுக்குப் பிறகு கிளம்பி, சுற்றிக்கொண்டு, விடியும் நேரத்துக்கு எங்களை இறக்கிவிடுகிறது. நடுவே டெல்டா ஊர்களில் இறங்குகிறவர்கள்தான் அதிகம். இறங்குகிறவர்கள் ஏறுகிறவர்களைவிடச் சத்தம் குறைவு. தூக்கக் கலக்கத்தோடு பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காரைக்குடி தாண்டினால் பாதி பெட்டி காலி. சுற்றுவழி என்று அதைத் திட்டுகிறவர்கள் நிறைய. தூங்குகிறவனுக்குச் சுற்றுவழி லாபம். தாம்பரத்திலிருந்து திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாக வரும் புது ரயில் ஒன்றும் இருக்கிறது. அதில் இன்னும் படுத்துப் பார்க்கவில்லை, ஆகவே தீர்ப்பும் இல்லை.

இனி பஸ். நியாயமாகச் சொன்னால், டிக்கெட் கிடைக்காத நாளில்தான் நான் பஸ். அரசு விரைவு பஸ்ஸில் சாய்விருக்கையும் உண்டு, சில வண்டிகளில் படுக்கையும் உண்டு. சாய்விருக்கையில் தூங்குவது கழுத்துக்குச் செய்யும் துரோகம். படுக்கை என்றால் கீழ்ப் படுக்கை, பின்சக்கரத்துக்கு முன்னால், இதைத் தவிர வேறு எதையும் பதிவு செய்யாதீர்கள். சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் பகுதிதான் ஒவ்வொரு வேகத்தடைக்கும் எகிறும். மதுரை வழியாக வந்தால் பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை, அதற்கப்புறம் ராமநாதபுரம்வரை இரு வழி. அதையும் நான்கு வழியாக்க 2025 ஜூலையில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தொண்டி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் வண்டி என்றால் ஊருக்கு ஊர் வேகத்தடை. மேல் படுக்கையில் ஆட்டம் இன்னும் ஒரு பங்கு கூடுதல், குமட்டல் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். கால் ஓட்டுநர் பக்கம் இருக்கும்படி படுங்கள். திடீர் பிரேக் போட்டால் தலை போய் முட்டாது.

ஒரு தனியார் ஏசி ஸ்லீப்பரில் முகத்துக்கு நேர் மேலே இருந்த காற்றுத் துளை மூடவே மாட்டேன் என்றது. கிளீனர் தம்பி வந்து பார்த்துவிட்டு, 'அண்ணே, அது அப்படித்தான்' என்று சொல்லிவிட்டுப் போனான். துண்டைச் சுருட்டி அடைத்தேன். ஒரு மணிக்கு அது நனைந்து சொட்ட ஆரம்பித்தது. சொட்டு நின்ற நேரத்தில் சாலையோர ஓட்டல் வந்து எல்லா விளக்கையும் போட்டார்கள். கீழ்ப் படுக்கையிலிருந்த கீழக்கரை காக்கா (எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) மட்டும் அசையவில்லை. துபாயிலிருந்து வந்து மீனம்பாக்கத்தில் இறங்கி நேரே பஸ் ஏறியவர். அப்படிக் களைத்திருந்தால் எதிலும் தூங்கலாம், அது கணக்கில் வராது.

பஸ்ஸில் படுப்பதற்கு முன் அவசர வழி ஜன்னல் எது, சுத்தியல் எங்கே தொங்குகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். 2025 அக்டோபரில் கர்னூல் பக்கம் ஸ்லீப்பர் பஸ் தீப்பிடித்த செய்திக்குப் பிறகு வந்த பழக்கம். பார்த்தபின் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்பதும் உண்மை. பஸ்ஸுக்கு ஒரு நல்ல குணம் சொல்ல வேண்டுமென்றால் திரைச்சீலை. ஒற்றைப் படுக்கை, திரையை இழுத்துவிட்டால் யார் முகத்திலும் விழிக்க வேண்டாம். ஆனால் கிளாம்பாக்கத்தில் இருட்டோடு இறக்கிவிட்டால், அங்கிருந்து தங்கை வீடு போய்ச் சேருவது தனிப் பயணம்.

ஸ்லீப்பரா, மூன்றாம் வகுப்பு ஏசியா? ஏசியில் தலையணை, விரிப்பு, கம்பளி எல்லாம் கொடுக்கிறார்கள். ஸ்லீப்பரில் எதுவும் இல்லை. மார்ச் கடைசியிலிருந்து ஜூன்வரை கூடுதல் காசு கொடுத்து ஏசி. மற்ற மாதங்களில் ஸ்லீப்பரே போதும், இரண்டு துணி மட்டும் வேண்டும். அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்றை நான்காக மடித்து விரித்தால் ரெக்சின் முதுகில் ஒட்டாது. போர்த்திக்கொள்ள ஒரு சாரம், அதாவது லுங்கி. மூட்டிய சாரம் என்றால் இன்னும் நல்லது, உள்ளே புகுந்து கால் பக்கத்தை மடித்துவிட்டால் கொசுவும் வராது, விலகியும் போகாது. தலையை ஜன்னல் பக்கம் வைத்தால் காற்று கிடைக்கும், ஆனால் கழுத்தில் சங்கிலி போட்டவர்கள் கீழ் பெர்த்தில் அப்படிப் படுக்க வேண்டாம். அம்மா சங்கிலியைக் கழற்றி முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டுதான் படுப்பார். பத்து நிமிஷத்தில் குறட்டை.