ஹைப்ரிட் காரை பிளக் போட்டுச் சார்ஜ் செய்கிற மாதிரி மாற்றித் தருகிறோம் என்று வந்தால் பணம் கொடுக்காதீர்கள்

குமரி மாவட்டத்தில் ஹைப்ரிட் கார் (பெட்ரோல் இன்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற கார்) வைத்திருக்கும் எல்லோரும், முக்கியமாக ஹைரைடர், கிராண்ட் விட்டாரா வைத்திருப்பவர்கள் இதை வாசியுங்கள். வீட்டு பிளக்கில் சார்ஜ் போட்டு ஓட்டுகிற மாதிரி காரை மாற்றித் தருகிறோம், பெட்ரோல் செலவு பாதியாகக் குறையும் என்று சொல்லி மார்த்தாண்டம், தக்கலை வட்டாரத்தில் ஆள் பிடிக்கிறார்கள். என்னிடம் 1,40,000 ரூபாய் வாங்கினார்கள். கார் இப்போது சர்வீஸ் சென்டரில் கிடக்கிறது. ஹைப்ரிட் பேட்டரிக்கு இருந்த 8 வருட வாரண்டியும் போய்விட்டது.

நான் குலசேகரத்திலிருந்து தினமும் நாகர்கோவில் போய் வருகிறவன். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் மனசு கனக்கும். எங்களைப் போன்றவர்களைத்தான் இவர்கள் குறி வைக்கிறார்கள். “சாரே, ஒண்ணும் பேடிக்காண்டாம். டிக்கில அஞ்சு யூனிட் லித்தியம் பேட்டரி வைப்போம். ராத்திரி சார்ஜ் போட்டா காலைல நாப்பது கிலோமீட்டர் பெட்ரோல் இல்லாம ஓடும்” என்றார் கடைக்காரர். அரசு அங்கீகாரம் உண்டா என்று கேட்டேன். வாகனங்களைச் சோதித்துச் சான்று தருகிற ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனத்தின் முத்திரை போட்ட ஒரு சான்றிதழின் நகலைக் காட்டினார். ஆர்.சி. புக்கில் எதுவும் எழுத வேண்டாமா என்றதற்கு, சின்ன மாற்றம்தான், தேவையில்லை என்றார். இரண்டுமே பொய். அந்தச் சான்றிதழ் ஆட்டோவை மின்சாரத்துக்கு மாற்றுகிற ஏதோ ஒரு கிட்டுக்கு உரியது என்பது பின்னால் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டியபோதுதான் வெளியே வந்தது.

பொருத்திய புதிதில் டிஸ்பிளேயில் பேட்டரி எப்போதும் நிறைந்தே காட்டியது. அது நல்லது மாதிரித் தெரியும், ஆனால் நல்லதே இல்லை. ஹைப்ரிட் காரின் பேட்டரி மிகச் சிறியது. ஹைரைடரில் இருப்பது 0.76 கிலோவாட் மணி, அதாவது முக்கால் யூனிட் மின்சாரம். பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்தில் இறங்கும்போதும் வீணாகப் போகிற சக்தியைப் பிடித்து வைத்து, அடுத்த நிமிடமே திருப்பிக் கொடுப்பதுதான் அதன் வேலை. அதற்கு உள்ளே எப்போதும் கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ரோடு முழுக்க ஏற்றமும் இறக்கமும்தான். பேச்சிப்பாறையிலிருந்து கீழே இறங்கினாலே பேட்டரி தானாக ஏறிக்கொள்ளும், அது இலவச மின்சாரம். இவர்கள் டிக்கியில் வைத்த பேட்டரிப் பெட்டி அந்தச் சின்ன பேட்டரியை வெளியிலிருந்து நிரப்பியே வைத்ததால் இறக்கத்தில் வருகிற சக்திக்குப் போக இடமில்லை. மைலேஜ் கூடுவதற்குப் பதிலாக முன்பைவிடக் குறைந்தது.

அப்புறம் ஒரு மழை நாளில் ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. ஹைப்ரிட் சிஸ்டம் கோளாறு என்ற எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கடைக்குப் போன் செய்தால், பேட்டரி செட் ஆக நாளாகும் என்றார்கள். அதே வாரம் வீட்டில் சார்ஜ் போட்ட இடத்தில் கருகல் வாடை. 15 ஆம்பியர் பிளக்கின் முகப்பு உருகிப் போயிருந்தது. என் மனைவி பார்த்து மெயின் ஸ்விட்சை அணைத்தாள். அந்த பிளக்கை ஒட்டியே ரப்பர் ஷீட் அடுக்கி வைத்திருந்தோம். நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் டிக்கியைத் திறந்து பார்த்த மெக்கானிக் என்னைப் பக்கத்தில் வரவே விடவில்லை. ஹைப்ரிட் காரில் ஆரஞ்சு நிறத்தில் ஓடுகிற வயர்கள் உயர் மின்னழுத்தம் உள்ளவை. 170 வோல்ட்டுக்கு மேல், அதுவும் டி.சி. தொட்டால் உயிர் போகலாம். அதை நடுவில் வெட்டி, சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றி, புதுப் பெட்டியோடு முறுக்கி இணைத்திருந்தார்கள். பின் சீட்டுப் பக்கம் பேட்டரிக்குக் குளிர்ந்த காற்று போகிற துவாரத்தைப் பெட்டி பாதி அடைத்திருந்தது. பெட்டிக்குள் இருந்தவை பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களிலிருந்து கழற்றிய செல்கள். ஒன்றுக்கொன்று பிராண்டு வேறு, வருடம் வேறு, சில உப்பியும் இருந்தன. அளந்து பார்த்தபோது 2 யூனிட்கூட நிற்கவில்லை. நான் பணம் கொடுத்தது 5 யூனிட்டுக்கு.

இந்த யோசனையே பித்தலாட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. 2004 வாக்கில் கலிபோர்னியாவில் சில ஆர்வலர்கள் டொயோட்டாவின் பிரியஸ் ஹைப்ரிட் காரில் கூடுதல் பேட்டரி வைத்து பிளக்கில் சார்ஜ் செய்து காட்டினார்கள். 2012இல் டொயோட்டாவே 4.4 கிலோவாட் மணி பேட்டரியோடு பிளக்-இன் பிரியஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்தக் காரில் பேட்டரி, குளிரூட்டல், சார்ஜர், மென்பொருள் எல்லாமே ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டவை. வெளியில் மாற்றியவற்றில் என்ன நடந்தது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2008இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் அப்படி மாற்றிய ஒரு பிரியஸ் தீப்பிடித்தது. செல்களை இணைத்த போல்ட் இணைப்பு சரியாக இல்லாமல் சூடேறியதே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. முறையாகத் தொழில் செய்தவர்கள் கையிலேயே அப்படி. இங்கே டேப் சுற்றித் தருகிறார்கள்.

சரி, எல்லாம் ஒழுங்காகவே செய்து கொடுத்தாலும் லாபம் வருமா? அந்தக் கணக்கை அவர்கள் போட்டுக் காட்டவே மாட்டார்கள். உண்மையான 5 யூனிட் பேட்டரியில் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது 4 யூனிட். யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தால் 28 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு இந்தக் கார் குடிக்கும் பெட்ரோல் ஒன்றேகால் லிட்டர், ஏறத்தாழ 130 ரூபாய். சார்ஜ் போட இழப்போடு சேர்த்து 5 யூனிட் போகும். மின்கட்டணத்தில் மேல் ஸ்லாபில் இருப்பவர்களுக்கு அது 40, 50 ரூபாய். மிச்சம் 80 ரூபாய். 1,40,000 ரூபாயை 80ஆல் வகுத்துப் பாருங்கள், தினமும் தவறாமல் ஓட்டினாலும் போட்ட பணத்தை எடுக்க ஐந்து வருடத்தை ஒட்டி ஆகும். இதிலும் முழுக்க மின்சாரத்திலேயே ஓடும் என்று நினைக்காதீர்கள். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால், வேகம் கூடினால், எவ்வளவு பேட்டரி இருந்தாலும் கார் தானாகவே இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்.

இன்னொரு கொடுமை. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனின் எர்டிகாவுக்கும் இதே வேலையைச் செய்து தருகிறோம் என்று விலை சொல்லியிருக்கிறார்கள். எர்டிகா, சியாஸ் வண்டிகளில் ஸ்மார்ட் ஹைப்ரிட் என்று எழுதியிருக்கும். அவற்றில் சக்கரத்தைத் தனியாக ஓட்டுகிற மோட்டாரே கிடையாது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யவும் கொஞ்சம் தள்ளிவிடவும் மட்டும் ஒரு சின்ன மோட்டார். அதை எத்தனை யூனிட் சார்ஜ் செய்தாலும் ஒரு அடிகூட மின்சாரத்தில் மட்டும் நகராது. இது தெரியாமல் யாரும் ஒர்க்‌ஷாப் நடத்த முடியாது. தெரிந்தேதான் கேட்கிறார்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி கம்பெனி வடிவமைப்பிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கிட் என்றால், இப்படி மாற்றுகிற கிட்டுகளுக்கான ஏ.ஐ.எஸ்.-123 தரத்தின்படி அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், அந்த அங்கீகாரம் உங்கள் மாடலுக்கும் பொருந்த வேண்டும், பொருத்திய பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிய வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ வண்டி உரிமையாளருக்கு வரும். சொல்லாமல் செய்த மாற்றம் என்றால் விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கவும் வழி இருக்கிறது.

நான் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்தவர்கள் மனுக் கட்டணம் கட்ட வேண்டாம், வக்கீல் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் ரசீது, ஜிபே கட்டிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். பெட்டி பொருத்திய கார் வீட்டில் நின்றால் இன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், டிக்கியைத் திறந்து நீங்களே வயரைக் கழற்றப் போகாதீர்கள், நேராகக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குச் சொல்லி வண்டியை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.